உள்ளே இருப்பதா, வெளியே வாங்குவதா: ஒரு பம்பு நிறுவனம் லாரி மென்பொருள் தேர்ந்தெடுத்த கதை

பின்னணி

கோவையில் பம்பும் மோட்டாரும் செய்யும் நடுத்தர நிறுவனம் அது. இரண்டு ஆலைகள், ஒரே டெஸ்பாட்ச் கோடவுன். மோட்டாரும் பம்பும் ஒன்றாயிருக்கும் மோனோபிளாக், போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள், கண்ட்ரோல் பேனல், போர்வெல்லில் பம்பைத் தொங்கவிடும் காலம் பைப் எல்லாம் அந்த ஒரே வாசலில்தான் ஏறும். டீலர்கள் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் தொடங்கி நாக்பூர் வரை இருக்கிறார்கள். பிப்ரவரியில் கிணறுகள் வற்றத் தொடங்கும்போது ஆர்டர் ஏறும். மழை இறங்கியதும் அடங்கிவிடும். இடையில் உள்ள நான்கு மாதத்தில் லாரி தாமதமானால் டீலர் காத்திருக்க மாட்டார். விவசாயிக்குத் தண்ணீர் இன்றைக்கே வேண்டும். கையில் இருக்கும் வேறு பிராண்டு பம்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

நிறுவனம் 2021-இல் ஈ.ஆர்.பி. என்னும் புதிய நிர்வாக மென்பொருளுக்கு மாறியிருந்தது. விற்பனை, சரக்கிருப்பு, கணக்கு மூன்றும் அதில் ஓடின. போக்குவரத்துக்கான பகுதியும் அதே உரிமத்தில் இருந்தது, யாரும் திறக்கவில்லை. லாரி ஏற்பாடு போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்தது. வாடகை விகிதங்கள் ஒரு எக்செல் கோப்பில். எந்த லாரியில் என்ன போனது என்பது டெஸ்பாட்ச் பொறுப்பாளரின் நீள நோட்டில்.

2023 ஆகஸ்டில் என்னை அழைத்தார்கள். நான் அந்த ஈ.ஆர்.பி.யை நிறுவிய குழுவில் இருந்தவன். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருந்திருக்கும் என்று வாசிப்பவர்கள் கருதினால் அது நியாயம்தான்.

கேள்வி எப்படி வந்தது

முதல் கூட்டத்தில் இரண்டு கட்சி. விற்பனைப் பிரிவு ஒரு வெளி மென்பொருளின் டெமோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தது. திரையில் இந்திய வரைபடம், அதில் நகரும் லாரிகள், டீலரின் செல்போனுக்குத் தானாகப் போகும் செய்தி. “டீலர் போன் பண்ணி ‘லாரி எங்கீங்க’ன்னு கேக்கறப்ப பதில் சொல்ல முடியலை. அது ஒண்ணு தீர்ந்தாப் போதும்” என்றார் விற்பனை மேலாளர்.

நிர்வாக இயக்குநருக்கு வேறு கவலை. “உரிமத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிட்டோம். உள்ளேயே இருக்கறதை விட்டுட்டு மாசாமாசம் வெளியே எதுக்குக் கட்டணும்?”

இங்கே ஒரு விளக்கம் தேவை. ‘உள்ளேயே இருக்கிறது’ என்ற சொல் தொகுப்புக்குத் தொகுப்பு வேறு பொருள் தரும். எஸ்.ஏ.பி. நிறுவனம் தன் போக்குவரத்து மென்பொருளை 1709 பதிப்பிலிருந்து எஸ்/4 ஹானா என்ற தன் ஈ.ஆர்.பி.க்குள் சேர்த்தது. அதற்கு முன் அது தனியாக நிறுவ வேண்டிய ஒன்று. மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 குடும்பத்தில் சப்ளை செயின் தொகுப்புக்குப் போக்குவரத்துப் பகுதி உண்டு. சிறிய நிறுவனங்கள் வாங்கும் பிசினஸ் சென்ட்ரலில் அப்படி ஒரு முழுப் பகுதி கிடையாது. ஆகவே பக்கத்து நிறுவனம் உள்ளே இருப்பதை வைத்தே சமாளிக்கிறது என்ற செய்தியை நம்பி முடிவெடுக்க முடியாது. இந்த நிறுவனத்தின் தொகுப்பு எது என்பதை நான் இங்கே சொல்லவில்லை. அதில் விகிதம், மண்டலம், லோடு திட்டம், வாடகைப் பில் சரிபார்ப்பு ஆகிய நான்கும் இருந்தன.

கூட்டத்தில் கணக்குப் பிரிவிலிருந்து வந்திருந்த அம்மையார் கடைசிவரை பேசவில்லை. கலைந்து போகும்போது என்னிடம் மட்டும் கேட்டார்: “சார், இந்த ரெண்டுல எது பில்லைச் சரிபார்க்கும்?” அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அவரைத் தேடி மறுநாள் கணக்குப் பிரிவுக்குப் போனேன்.

ஒரு கட்டு பில்லின் பின்னால்

அவர் மேசையில் பார்சல் சர்வீஸ் ஒன்றின் மாதாந்தரப் பில் கட்டு இருந்தது. 46 எல்.ஆர். சீட்டுகள் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்குப் பார்சல்காரர் தரும் ரசீது), மேலே ஒரே கூட்டுத்தொகை. அவர்கள் வழக்கம் என்னவென்றால், கட்டில் நாலைந்தை உருவிப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் மொத்தத்தையும் பாஸ் செய்வார்கள். எல்லாவற்றையும் பார்க்க ஆளில்லை. நானும் ஒரு ஜூனியரும் அந்த 46-ஐயும் விகித ஒப்பந்தம், எடைமேடைச் சீட்டு, டெஸ்பாட்ச் நோட்டு மூன்றோடும் ஒப்பிட்டோம். மூன்று நாள் ஆனது.

ஒன்பதில் வித்தியாசம். இரண்டில் டீலர் பார்சல் கோடவுனுக்கே போய் எடுத்திருந்தார். பில்லில் டோர் டெலிவரிக் கட்டணம் இருந்தது. இரண்டில் விகிதம் பழையது. அதிலும் ஒன்று எங்களுக்குச் சாதகமான தவறு. இரண்டில் எடை காரணமில்லாமல் கூடியிருந்தது. ஒன்று முந்தைய மாதமே பணம் கொடுத்த சீட்டு: அப்போது எல்.ஆர். எண் முன்னால் சுழியோடு பதிவாகியிருந்தது, இந்த மாதம் சுழி இல்லாமல். எக்செலுக்கு அவை இரண்டும் வேறு வேறு எண்கள்.

மீதி இரண்டுதான் எனக்குப் பாடமாக அமைந்தவை. எடைமேடை காட்டியதைவிடப் பில்லில் எடை அதிகம். ஜூனியர் சிவப்பு மையை எடுத்துவிட்டார். ஆனால் அவை காலம் பைப் போன சீட்டுகள். பத்தடி நீளம், உள்ளே வெறும் காற்று. இத்தகைய சரக்குக்குப் பார்சல்காரர்கள் கன அடியை அளந்து, ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று மாற்றி, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில் போடுவார்கள். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் அது எழுதியே இருந்தது. பில் சரி, அதைத் தவறு என்று சொல்லத் தயாராக இருந்தது எங்கள் பக்கம்.

அன்று மாலை கோடவுனில் நாக்பூர் லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரியின் பாடி கூரைவரை நிரம்பியாயிற்று. தரையில் இன்னும் பதினைந்து பம்பு பெட்டிகள். டெஸ்பாட்ச் பொறுப்பாளர் இருபது வருடமாக அந்த வாசலில் நிற்பவர். “வெயிட்டு இன்னும் புடிக்குமுங்க. எடம்தான் இல்லீங்க. பைப்பு ஏறுச்சுன்னா அப்படித்தானுங்க” என்றார். ஈ.ஆர்.பி.யில் பைப்பின் பொருள் அட்டையைத் திறந்து பார்த்தேன். எடை இருந்தது. கன அளவு இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருந்தது. பம்புக்கும் 1. பேனலுக்கும் 1. தரவேற்றும்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவாகாது என்பதற்காக நாங்களே, 2021-இல், எல்லாவற்றுக்கும் 1 போட்டிருந்தோம்.

லாரி எங்கே என்பதைவிடப் பெரிய ஓட்டை பில்லில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்த வாரத்தில்தான். எந்த மென்பொருள் வாங்கினாலும் கன அளவு இல்லாமல் அது லோடும் போடாது, பில்லையும் சரிபார்க்காது என்பதும்.

இரண்டு தெரிவுகளையும் சோதித்தது

அதன்பின் டெமோ பார்ப்பதை நிறுத்தினோம். இரு தரப்புக்கும் அதே 46 எல்.ஆர். கட்டையும் விகித ஒப்பந்தத்தையும் கொடுத்து, ‘உங்கள் மென்பொருள் கணக்கிடும் வாடகை என்ன’ என்று கேட்டோம்.

வெளி மென்பொருள் 41 சீட்டுகளைச் சரியாகக் கணக்கிட்டது. குறைந்தபட்ச எடை, எல்.ஆர். கட்டணம், ஏற்றுக்கூலி, ஊருக்கு வெளியே டெலிவரி செய்தால் கூடுதல் என்று நம் ஊர்ப் பார்சல் பில்லில் வரும் எல்லா வரிகளையும் அது அறிந்திருந்தது. உள்ளே இருந்த பகுதி 31-ஐத்தான் கணக்கிட்டது. மண்டலமும் எடைப்படியும் இருந்தால் அது ஓடும். அதைத் தாண்டி ஒவ்வொன்றுக்கும் நிரல் எழுத வேண்டும். மண்டலத்தை அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரிக்கச் சொன்னது. நம் பின்கோடின் முதல் மூன்று இலக்கம் அஞ்சல் பிரிப்பு மாவட்டத்தைக் குறிக்கும். பார்சல்காரரோ தன் கிளைகளை வைத்து விகிதம் போடுபவர். இரண்டையும் இணைக்க ஒரு அட்டவணை கட்ட வேண்டியிருந்தது. இன்னொரு குறை பெரியது. முழு லோடு லாரிக்கு ஏற்றும்போதே வாடகையில் பெரும்பகுதியை அட்வான்ஸாகக் கொடுத்து, இறக்கிய ஒப்புகை வந்தபின் பேலன்ஸ் கொடுப்பது நம் வழக்கம். வெளிநாட்டுப் பழக்கத்தை வைத்துக் கட்டிய பகுதிக்கு அது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் வாடகை என்பது வேலை முடிந்து பில் வந்தபின் ஒரே தடவையில் கொடுப்பது.

இதுவரை பார்த்தால் வெளி மென்பொருளுக்கே வெற்றி. பிறகு கணக்குப் பிரிவு அம்மையார் தன் பட்டியலை எடுத்தார்.

லாரிக்காரர் தானே ஜி.எஸ்.டி. கட்டுகிறவரா, இல்லை நாம் தலைகீழ் வரியாக 5% கட்ட வேண்டியவரா? தானே கட்டுகிறவர் என்றால், அப்போதைய விகிதப்படி, 5 சதவீதமா, 12 சதவீதமா? அதற்கான உறுதிமொழி இந்த நிதியாண்டுக்கு வந்ததா? பத்தும் அதற்குக் குறைவுமாக லாரி வைத்திருப்பவர் பான் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவின் கீழ் டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது, அந்தக் கடிதம் யாரிடம் இருக்கிறது? மாதக் கடைசியில் லாரி போய், பில் வராமல் நிற்கும் வாடகைக்கு ஒதுக்கீடு எந்த விற்பனைப் பில்லோடு சேரும்? வெளி மென்பொருள்காரரின் பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றே: மாதம் ஒருமுறை எக்செல் கோப்பு தருகிறோம், உங்கள் ஈ.ஆர்.பி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். அம்மையார் சிரித்தார். எக்செலிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை கூட்டம்.

லாரியைக் கண்காணிப்பதில் உள்ளே இருந்த பகுதியிடம் எதுவும் இல்லை. அதைக் குறையாகவும் சொல்ல முடியாது. நாமக்கல் பக்கத்து லாரி புரோக்கருக்கு ஈ.ஆர்.பி. கடவுச்சொல் கொடுத்து ‘வண்டி எண்ணைப் பதியுங்கள்’ என்றால் அவர் செய்யப்போவதில்லை. வெளி மென்பொருளில் ஓட்டுநரின் சிம்மை வைத்து, அவர் எஸ்.எம்.எஸ். வழியாகச் சம்மதம் கொடுத்ததும், சாதாரண போனிலும் இருப்பிடம் தெரியும். ஃபாஸ்டேக் சுங்கச்சாவடியைக் கடந்த நேரமும் வரும்.

எடுத்த முடிவும் காரணமும்

2023 அக்டோபரில் முடிவானது: பிரித்துக்கொள்வது. விகிதம், லோடு திட்டம், வாடகை ஒதுக்கீடு, பில் சரிபார்ப்பு ஆகியவை ஈ.ஆர்.பி.க்குள். லாரி கேட்பது, புரோக்கர்களிடம் விலை வாங்குவது, வழிக் கண்காணிப்பு, இறக்கிய ஒப்புகையின் படம் ஆகியவை வெளி மென்பொருளில்.

பணம் தொடும் ஒவ்வொன்றும் கணக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், வெளியாட்கள் தொடும் ஒவ்வொன்றும் வெளியே இருக்கட்டும் என்பதுதான் பிரித்த கோடு. விடுபட்ட 15 சீட்டுகளுக்கும் அட்வான்ஸ்–பேலன்ஸ் முறைக்கும் நிரல் எழுதும் செலவை முன்கூட்டியே மதிப்பிட்டோம். வெளி மென்பொருள் ஒரு டெஸ்பாட்சுக்கு இவ்வளவு என்று வாங்குவது; சீசனில் டெஸ்பாட்ச் கூடக் கூட அதன் கட்டணமும் கூடும். முழுத் தொகுப்பையும் வாங்காமல் கண்காணிப்பும் லாரி ஏற்பாடும் மட்டும், அதுவும் முழு லோடுக்கு மட்டும் என்று சுருக்கியதில் அது கட்டுக்குள் வந்தது. பார்சலுக்குப் பார்சல்காரரின் சொந்தத் தளமே போதும் என்று விட்டோம்.

நிர்வாக இயக்குநருக்கு இந்த முடிவு முழு நிறைவு தரவில்லை. “ரெண்டையும் வாங்கச் சொல்றீங்க” என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டு மென்பொருள் என்றால் நடுவில் ஒரு தையல் இருக்கும்; தையல் பிரியவும் செய்யும். அதற்கு, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் தானாகப் போகும் ஏ.பி.ஐ. இணைப்பு இருக்கிறது என்று நான் சொன்ன பதில் எவ்வளவு அரைகுறையானது என்பது ஏப்ரலில் தெரிந்தது.

அளவுநாடா

நவம்பரும் டிசம்பரும் மென்பொருளுக்குப் போனதைவிட அளவுநாடாவுக்குப் போனது அதிகம். இரண்டு பயிற்சி மாணவர்கள் கோடவுனில் ஒவ்வொரு பெட்டியையும் நீளம், அகலம், உயரம் அளந்து, எடை போட்டு, பதிந்தார்கள். பெட்டி மீது பெட்டி அடுக்கலாமா, எத்தனை அடுக்கு என்பதும் சேர்ந்தது. சப்மெர்சிபிளைப் படுக்கவைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்பதை டெஸ்பாட்ச் பொறுப்பாளர் சொல்லித்தான் சேர்த்தோம்.

லாரிப் பட்டியலிலும் பழைய சங்கதிகள் இருந்தன. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன் என்று எக்செலில் இருந்தது. 2018 ஜூலையிலேயே அது 28.5 டன்னாக உயர்த்தப்பட்டுவிட்டது. புதிய வண்டிகளில் எத்தனை தடவை இடம்விட்டு அனுப்பினோமோ.

லோடு திட்டத்தில் முதல் ஏமாற்றமும் இங்கேதான். மென்பொருள் கன அளவைக் கூட்டி ‘இடம் இருக்கிறது’ என்று சொல்லும். பத்தடிப் பைப்பை லாரியில் வைத்தபின் மிஞ்சும் இடம் ஒழுங்கில்லாத மூலைகளாகத்தான் இருக்கும். பொறுப்பாளர் திரையைப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டரு தண்ணி ஊத்தறாப்பல நெனச்சுக்குதுங்க” என்றார். அதைவிடச் சுருக்கமாக அந்தக் குறையை விளக்க எனக்குத் தெரியாது. பைப் ஏறும் லோடுக்குக் கொள்ளளவைக் குறைத்துக் கணக்கிடும் ஒரு விதியைப் போட்டு, கடைசி முடிவை அவரிடமே விட்டோம்.

ஓடத் தொடங்கியபின்

2024 ஜனவரியில் இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கின. முதல் மாதப் பில் கட்டு வந்தபோது கணக்குப் பிரிவில் நானும் இருந்தேன். ஈ.ஆர்.பி. ஒவ்வொரு எல்.ஆர்.க்கும் எதிர்பார்த்த தொகையையும் பில் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, ஒத்துப்போனதைத் தானே பாஸ் செய்தது. ஒத்துப்போகாததற்குக் காரணக் குறியீடு கேட்டது. எல்.ஆர். எண்ணில் முன்சுழியும் சாய்கோடும் நீக்கிப் பதிய விதி போட்டிருந்ததால் இரட்டைப் பில் உள்ளே நுழைய வழியில்லை. மூன்று நாள் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. பார்சல்காரரின் கிளை மேலாளர் இரண்டு மாதம் முனகினார். பிறகு தன் பில்லையே எங்கள் வரிசைப்படி அனுப்பத் தொடங்கினார்.

கண்காணிப்பு அவ்வளவு சீராகப் போகவில்லை. புரோக்கர் ஓட்டுநரின் எண்ணுக்குப் பதில் தன் எண்ணைக் கொடுத்துவிடுவார். வரைபடத்தில் லாரி மூன்று நாளாக நாமக்கல்லில் நிற்கும், உண்மை லாரி ஹைதராபாத்தைத் தாண்டியிருக்கும். கர்நாடக எல்லை கடந்ததும் சிம் மாற்றும் ஓட்டுநர்களும் உண்டு. லாரி வாசலை விட்டுப் போகுமுன் ஓட்டுநர் முன்னிலையிலேயே சம்மதச் செய்தி வாங்க வேண்டும் என்று வைத்தபின் நிலை தேறியது.

நாக்பூர் லோடு

2024 ஏப்ரல் நடுவில் நாக்பூருக்கு ஒரு முழு லோடு போனது. கோவையிலிருந்து சேலம், பெங்களூர், ஹைதராபாத் வழியாக 1,400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணு ஆவணமான இ-வே பில்லுக்கு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில், எட்டு நாள் செல்லுபடி. சரக்கு மதிப்பு 9 லட்சம், அதன்மேல் 18% வரி.

மூன்றாம் நாள் ஹைதராபாத்தைத் தாண்டி லாரி பழுதானது. லாரிக்காரர் வேறு லாரி வரவழைத்துச் சரக்கை மாற்றி ஏற்றினார். புதிய வண்டி எண்ணை வெளி மென்பொருளில் உடனே பதிந்தும் விட்டார். எங்கள் திரையில் புதிய எண்ணோடு லாரி நகர்ந்தது. எல்லாம் ஒழுங்கு என்று நினைத்தோம்.

இ-வே பில்லில் வண்டி எண் பதியும் பகுதியான பார்ட் பி-யில் பழைய எண்ணே இருந்தது. அந்தப் பில்லை ஈ.ஆர்.பி.தான் உருவாக்கியிருந்தது, பார்ட் பி உட்பட. லாரிக்காரரின் அடையாள எண்ணை அதில் ஒதுக்கவில்லை. அதனால் அவரால் அதைத் திருத்த முடியாது. இணைப்பு ஈ.ஆர்.பி.யிலிருந்து வெளியே வண்டி எண்ணை அனுப்பும். வெளியே மாறியது திரும்பி வராது. நாங்கள் அப்படித்தான் கட்டியிருந்தோம். வழியில் லாரி மாறும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. இணைப்பை வரையும்போது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை இரவு அதிலாபாத் பக்கத்தில் ஜி.எஸ்.டி. சோதனை. ஓட்டுநர் போன் செய்தது டெஸ்பாட்ச் பொறுப்பாளருக்கு. அவர் எனக்கு. ஈ.ஆர்.பி.யில் அந்த லோடு ‘புறப்பட்டது’ என்ற நிலையில் பூட்டியிருந்தது. வண்டி எண்ணைத் திருத்த அவருக்கு உரிமை இல்லை, உரிமை இருந்தவர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் வீட்டிலிருந்து பூட்டைத் திறந்து பார்ட் பி-யைப் புதுப்பித்தபோது ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தது. நிறுத்திய நேரத்தில் இருந்த ஆவணம்தான் கணக்கு என்றார் அதிகாரி. சிறு பிழைகளுக்கு 2018 செப்டம்பர் சுற்றறிக்கை ஒரு சலுகை தருகிறது. ஆனால் அது வண்டி எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் பிசகினால்தான். இங்கே எண் முழுவதும் வேறு.

ஜி.எஸ்.டி. சட்டப்பிரிவு 129-இன்படி அபராதம் வரியின் 200%. வரி 1,62,000 ரூபாய், அபராதம் 3,24,000. டீலர் சீசன் நடுவில் காத்திருந்தார். திங்களன்று கட்டிச் சரக்கை விடுவித்தோம். பழுதானதற்கான ஆதாரங்களோடு மேல்முறையீடும் போட்டோம். இதை எழுதும் வரை உத்தரவு வரவில்லை.

செய்த திருத்தங்கள்

அடுத்த வாரம் எல்லோரும் உட்கார்ந்து, ஈ.ஆர்.பி.க்கும் வெளி மென்பொருளுக்கும் நடுவே போய்வரும் ஒவ்வொரு தகவலையும் ஒரு தாளில் எழுதினோம்: வண்டி எண், ஓட்டுநர் எண், எல்.ஆர். எண், எடை, புறப்பட்ட நேரம், இறக்கிய நேரம், வாடகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு உரிமையாளர். வண்டி எண்ணுக்கு, புறப்படும்வரை ஈ.ஆர்.பி., புறப்பட்டபின் வெளி மென்பொருள். அங்கே எண் மாறினால் ஈ.ஆர்.பி.க்குத் திரும்பி வந்து, பார்ட் பி புதுப்பித்து, ‘புதுப்பித்தாயிற்று’ என்ற செய்தி ஓட்டுநருக்கும் டெஸ்பாட்சுக்கும் போகும்; அந்தச் செய்தி வராமல் இரண்டாவது லாரி கிளம்பக் கூடாது என்று லாரிக்காரர் ஒப்பந்தத்திலும் சேர்த்தோம். பெரிய லாரி நிறுவனங்களுக்கு இ-வே பில்லிலேயே அவர்கள் அடையாள எண்ணை ஒதுக்கிவிட்டோம். பார்ட் பி அவர்கள் பொறுப்பு. புரோக்கர் வழி வரும் ஒற்றை லாரிக்காரர்களுக்கு நாமே செய்கிறோம். பூட்டைத் திறக்கும் உரிமை இப்போது டெஸ்பாட்ச் பொறுப்பாளரிடம். இருபது வருட அனுபவமுள்ளவருக்கு அதை முதலிலேயே கொடுக்காதது என் தவறு. பயனர் உரிமை அட்டவணையை நான்தான் வரைந்தேன்.

மே மாதத்தில் இன்னொரு லாரி கர்னூல் பக்கத்தில் மாறியது. பதினொரு நிமிடத்தில் புதிய பார்ட் பி வந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மறுபடி செய்வதானால் பிரித்துக்கொள்ளும் முடிவை மாற்ற மாட்டேன். அதைச் செய்த வரிசையை மாற்றுவேன். உரிமையாளர் தாளை வெளி மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதியிருப்பேன். இணைப்புக்கான விலையை அவர்கள் சொன்னபோது ஒருவழியா, இருவழியா என்று கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை, மலிவாக இருந்ததால்.

ஜனவரியில் தொடங்கியதும் அவசரம். சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கையில் ஒரே நேரத்தில் இரண்டையும் ஓடவிட்டோம். ஜூலையில் தொடங்கி, பில் சரிபார்ப்பை மட்டும் முதலில் ஓடவிட்டு, கண்காணிப்பை அடுத்த வருடம் சேர்த்திருக்கலாம். விற்பனைப் பிரிவு ஒப்புக்கொண்டிருக்காது என்பதும் உண்மை. அவர்களுக்கு வரைபடம்தான் வேண்டும். கணக்குப் பிரிவு அம்மையாரை முதல் கூட்டத்திலேயே பேசவைத்திருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

நோட்டை நிறுத்தச் சொன்னதும் வேண்டாத வேலை. ஜனவரியில் நிறுத்தினோம், ஏப்ரல் சம்பவத்தின்போது பழைய லாரி எண், மாற்றிய நேரம், ஓட்டுநர் சொன்னது எல்லாம் தேதிவாரியாக இருந்தது பொறுப்பாளர் எங்களுக்குத் தெரியாமல் தொடர்ந்து எழுதிவந்த அந்த நோட்டில்தான். மேல்முறையீட்டில் இணைத்த ஆதாரங்களில் அதன் நகலும் ஒன்று. “எழுதாம இருந்தாக் கையி அரிக்குமுங்க” என்றார்.

வெளி மென்பொருள் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. ஈ.ஆர்.பி. நிறுவனம் அடுத்த பதிப்பில் கண்காணிப்பு இணைப்பும் வரும் என்கிறது. வந்தபின் அதே 46 சீட்டுக் கட்டையும் அந்த நாக்பூர் லோடையும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்குள் புதிதாக வந்த இரண்டு பைப் அளவுகளை யாராவது அளக்க வேண்டும். அவற்றின் கன அளவுக் கட்டத்தில் இன்னும் 1 தான் இருக்கிறது.